எண்ண முடிஞ்ச ஓங்கில், எண்ண முடியாத தவளை

ராயகிரியில எங்க வீட்டு மாடியில நின்னா மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அதே மலையில கொஞ்சம் வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்துல ஒரு ஊதாத் தவளை இருக்கு. 2017-லதான் அதைத் தனி இனம்னு அறிவிச்சாங்க. 2014-ல கள ஆய்வுக்குப் போன இடத்துல இறந்துபோன ஆய்வாளர் பூபதியோட பேரை அதுக்கு வச்சிருக்காங்க.

இன்னைக்கு அதை கங்கை ஓங்கிலோட ஒப்பிடப் போறோம். ஓங்கில்னா டால்பின்தான், நம்ம கடலோரத்துல சொல்ற பேர்.

ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டுக்குமே கண் ரொம்பச் சின்னது. கலங்கின தண்ணியில ஓங்கில் எதிரொலியை வச்சு மீன் பிடிக்கும். தவளை மண்ணுக்கடியில கரையான் தின்னும். ரெண்டுக்கும் ஓடுற தண்ணி வேணும்.

வித்தியாசம் எங்கேன்னா, ஓங்கில் பாலூட்டி. மூச்சுவிட அடிக்கடி மேல வந்தே ஆகணும். அதனால படகுல போய் எண்ணிடலாம். 2021-லிருந்து 2023 வரை எண்ணி, 2025-ல அறிக்கை வந்துச்சு: இந்தியாவுல 6,327 ஆற்று ஓங்கில்கள். அதுல 3 மட்டும் சிந்து ஓங்கில், மத்ததெல்லாம் கங்கை ஓங்கில்.

நம்ம தவளை வருஷத்துல பெரும்பாலும் மண்ணுக்குள்ளதான். நமக்குச் சாரல்னா ஆனி, ஆடி. அது இணை சேர வெளிய வர்றதோ வடகிழக்குப் பருவமழையில. என் வேலை பாஷையில சொன்னா, ஓங்கில் நிமிஷத்துக்கு ஒருதரம் லாக் அனுப்புற சர்வர். தவளை லாகே அனுப்பாத சர்வர். சத்தம் இல்லைன்னா நல்லா ஓடுதா, நின்னுபோச்சான்னே தெரியாது.

நாம பார்க்க வசதியா இருக்கிறது அதோட தலைப்பிரட்டை. வேகமா ஓடுற ஓடையில, பாறையை வாயால கவ்வி ஒட்டிக்கிட்டு பாசி தின்னு வளரும். தண்ணியைத் திருப்பிவிட்டாலோ தேக்கினாலோ அதுக்கு இடமே இல்லை. கங்கையிலயும் இதே கதைதான்: 1975-ல திறந்த ஃபராக்கா அணை ஓங்கில் போய்வர்ற வழியை மறிச்சது. ஆனா அங்க குறைஞ்சா அடுத்த கணக்கெடுப்புல தெரிஞ்சிடும். இங்க தெரியாது.

அதனால இந்தத் தவளையைக் காப்பாத்தணும்னா முதல்ல எண்ண வேண்டியது தவளையை இல்லை. மழைக்காலத்துல ஓடுற ஓடைகளை. அடுத்த ஐப்பசியில மலைப்பக்கம் போனா, ஓடையில சோப்பு, ஷாம்பு வேண்டாம். பாறையைப் புரட்டவும் வேண்டாம். ஓடை ஓடுதான்னு மட்டும் பாருங்க. போன வருஷம் ஓடினது இந்த வருஷம் ஓடலைன்னா, ஊர்ல நாலு பேர்கிட்ட சொல்லுங்க.