ஷஃபிளை ஆஃப் பண்ணிட்டு கேளுங்க: ஜவ்வாது மலை பஸ்ஸில் ஒரு ‘ஹேடிஸ்டவுன்’

ஆலங்காயம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதுமே போனில் டவர் போய்விட்டது. ஜமுனாமரத்தூர் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ப்ளேலிஸ்ட் எதுவும் ஓடவில்லை. டவுன்லோடு செய்து வைத்திருந்தது ஒரே ஒரு ஆல்பம்: அமெரிக்கப் பாடகி அனாயிஸ் மிட்செலின் ‘ஹேடிஸ்டவுன்’. இரண்டு வருஷமாக என் போனில் இருக்கிறது. ஆனால் அதில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ரெண்டே ரெண்டு பாட்டுதான். வேறு வழியில்லாமல் அன்றைக்குத்தான் முதல் பாட்டிலிருந்து இருபதாவது வரை வரிசையாகக் கேட்டேன். இத்தனை நாள் இதை ஒரு காதல் ஆல்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தப்பு என்று காவலூர் வருவதற்குள் தெரிந்துவிட்டது.

கான்செப்ட் ஆல்பம்னா என்ன?

பாட்டுகள் தனித்தனியாக நிற்காமல், ஒரே கதையையோ கருவையோ சுமந்துகொண்டு வரிசையாகப் போகும் ஆல்பம். அவ்வளவுதான். ஏதோ வெளிநாட்டுச் சரக்கு மாதிரி தெரியும். ஆனால் 1984-ல் வந்த ‘விதி’ படத்தின் கதை-வசன கேசட்டை டீக்கடையிலும் கல்யாண வீட்டு ரேடியோ செட்டிலும் கேட்டே மனப்பாடம் செய்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. படத்தைப் பார்க்காமலேயே அந்த கோர்ட் சீனுக்கு அழுதவர்கள் உண்டு. என் அம்மா அதில் ஒருவர். காதால் மட்டும் ஒரு முழுக்கதையைப் பின்தொடர்வது நமக்குப் பழகிய விஷயம்தான். ஷஃபிள் பட்டன் வந்த பிறகு விட்டுப்போனது.

‘ஹேடிஸ்டவுன்’ முதலில் 2006-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன மேடை நாடகமாகத்தான் தொடங்கியது. ஆல்பமாக வந்தது 2010 மார்ச்சில். இண்டி ஃபோக் உலகத்தின் தெரிந்த குரல்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றார்கள். ஆர்ஃபியஸாக ‘பான் ஐவர்’ ஜஸ்டின் வெர்னன், பாதாள ராஜா ஹேடிஸாக கிரெக் பிரவுன், ராணி பெர்செஃபொனியாக அனி டிஃப்ராங்கோ, யூரிடிஸியாக மிட்செலே. 2019-ல் இது பிராட்வே போய் எட்டு டோனி விருதுகளை அள்ளியது தனிக்கதை. எனக்கு அந்தப் பளபளப்பைவிட 2010 ஆல்பம்தான் பிடித்திருக்கிறது. டிராம்போன் கொஞ்சம் கரகரக்கிறது, கிட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது மாதிரி இருக்கிறது.

கதை பழைய கிரேக்கக் கதை. பாடகன் ஆர்ஃபியஸின் மனைவி யூரிடிஸி இறந்துபோகிறாள். அவன் பாதாளத்துக்கே போய், பாடி, ராஜாவின் மனதைக் கரைக்கிறான். ‘கூட்டிப்போ, ஆனால் வெளியே போகும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது’ என்கிறான் ராஜா. பார்த்துவிடுகிறான். அவள் மறுபடி போய்விடுகிறாள். (நம்ம சாவித்திரி எமனிடம் பேசியே புருஷனை மீட்டு வந்தவள். இந்த விஷயத்தில் கிரேக்கர்களைவிட நாம் கொடுத்து வைத்தவர்கள்.)

மிட்செல் செய்த மாற்றம் ஒன்றுதான். மூலக்கதையில் யூரிடிஸியைப் பாம்பு கடிக்கிறது. இங்கே பாம்பு இல்லை, பசி இருக்கிறது. எங்கும் வேலை இல்லாத, கையில் காசில்லாத காலம். பூமிக்கு அடியில் ஹேடிஸின் ஊரில் மட்டும் வேலையும் சோறும் உண்டு. ஐந்தாவது பாட்டான ‘ஹே, லிட்டில் சாங்பேர்ட்’டில் ஹேடிஸ் அவளை அழைக்கிறான். மிரட்டல் கிடையாது. கிரெக் பிரவுனின் அடித்தொண்டைக் குரலில் அவ்வளவு கனிவு. ஆறாவது பாட்டில் அவள் கிளம்பிவிடுகிறாள். நான் ப்ளேலிஸ்டில் போட்டிருந்தது எட்டாவது பாட்டு, ‘வெயிட் ஃபார் மீ’. ஆர்ஃபியஸ் அவளைத் தேடிப் போகும் பாட்டு. அவள் ஏன் போனாள் என்று தெரியாமலே அத்தனை முறை உருகியிருக்கிறேன்.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“இன்னா பாட்டு கண்ணு அது?”

ஒரு பக்க இயர்போனைக் கழற்றிவிட்டு, தெரிந்தவரை கதையைச் சொன்னேன். பசி தாங்காம ஒரு பொண்ணு வேலைக்குப் போயிடுது, புருஷன் திரும்பக் கூட்டியாரப் போறான் என்று.

“வந்துச்சா?”

“இல்லம்மா. விட மாட்டேங்குறாங்க.”

“அட்வான்சு வாங்கிட்டிருக்கும்,” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் மீதி ஆல்பம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. சாமையும் மானாவாரி விவசாயமும் உள்ள இந்த மலையிலிருந்து வெளியூர் கூலிக்குப் போவது வழக்கமான விஷயம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டதில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேர் இறந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களை ஒரு அமெரிக்கப் பாட்டோடு சேர்த்துப் பேசுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் கூப்பிட்டவன் யார், பசி எவ்வளவு, கையெழுத்து எதில் என்ற கேள்விகளை ஆல்பமே கேட்கிறது.

ஒன்பதாவது பாட்டைக் கேளுங்கள்: ‘வொய் வீ பில்டு தி வால்’. சுவர் எதற்குக் கட்டுகிறோம் என்று ஹேடிஸ் கேட்கிறான். தொழிலாளிகள் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வி. ஒவ்வொரு சுற்றிலும் பதில் ஒரு வரி நீள்கிறது. சுவரைப் போலவே பாட்டும் கல்கல்லாக ஏறுகிறது. கடைசியில் ‘நமக்கு வேலை இருக்கிறது, வெளியே இருப்பவர்களுக்கு இல்லை, அதனால் சுவர்’ என்ற இடத்தில் வந்து நிற்கும்போது, கேட்கிற நமக்கே அது சரியான நியாயம் மாதிரி தோன்றும். அதுதான் பயம். பாட்டைத் தனியாகக் கேட்டால் நல்ல கோரஸ். வரிசையில் கேட்டால், அந்தக் கோரஸில் யூரிடிஸியின் குரலும் இப்போது கலந்திருக்குமே என்று வயிறு பிசையும்.

முடிவு தெரிந்த கதையை எதுக்கு கேட்கணும்?

இதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. தெருக்கூத்தில் ‘கர்ண மோட்சம்’ பார்க்க உட்காருகிற யாருக்கும் கர்ணன் சாகப்போவது தெரியும். பொன்னுருவி தடுப்பாள், அவன் கேட்காமல் போருக்குப் போவான், அதுவும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பாய்லர் அலர்ட் போட்டால் சிரிப்பார்கள். அந்தப் பிரிவு வருகிற நேரம், முகவீணை இழுக்கிற இழுப்பு, பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுகிற விதம், இதற்குத்தான் கூட்டம். இந்த ஆல்பத்திலும் கட்டியக்காரன் மாதிரி ஹெர்மிஸ் என்றொரு பாத்திரம் கதையை நகர்த்துகிறது. விதியின் தேவதைகளாக மூன்று சகோதரிகள் பின்பாட்டு பாடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் ஹேடிஸும் பெர்செஃபொனியும் வாதாடும் இடத்தில் வேகம் குறைகிறது. கதை தெரியாதவர்களுக்கு யார் பாடுகிறார் என்ற குழப்பமும் வரும். முதல் தடவை பாட்டு வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

பத்தொன்பதாவது பாட்டுக்கு முன்னால் பஸ் ஜமுனாமரத்தூரில் நின்றுவிட்டது. அந்த அம்மா “வரேன் கண்ணு” என்று இறங்கிப் போனார். மீதி இரண்டு பாட்டை ராத்திரி, தங்கியிருந்த வீட்டு வாசலில் கேட்டேன். ‘டவுட் கம்ஸ் இன்’-இல் ஆர்ஃபியஸ் முன்னால் நடக்கிறான். சந்தேகம் வருகிறது. பின்னாலிருந்து அவள் தைரியம் சொல்கிறாள். அவன் திரும்பியதைப் பாட்டு சொல்லவே இல்லை. இசை மெல்லக் கலைகிறது. அடுத்த பாட்டில் கீழே இரண்டு பெண்கள் அவன் பேரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துகிறார்கள். அதிலிருந்துதான் என்ன நடந்தது என்று நமக்குத் தெரிகிறது.

ஆர்ஃபியஸ் செத்த பிறகு அவனுடைய யாழை வானத்தில் வைத்துவிட்டார்கள் என்பது கிரேக்கர்களின் நம்பிக்கை. லைரா என்ற அந்த விண்மீன் கூட்டத்தின் பிரகாசமான நட்சத்திரம் வேகா. நம் கணக்கில் அபிஜித். பூமியிலிருந்து 25 ஒளியாண்டு தூரம். 1986-லிருந்து வைணு பாப்பு பேரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் காவலூரைப் பகலில் கடந்துதான் வந்திருந்தேன். ஆனி மாசம், பத்து மணி வாக்கு. மேகம் விலகியதும் வடக்கே உயரத்தில் அது தெரிந்தது. போனில் இன்னும் டவர் வரவில்லை. முதல் பாட்டை மறுபடி போட்டேன்.