சீகன்பால்குவின் ஒரு நாள்
புதிய எருசலேம் ஆலயம், தரங்கம்பாடி

1706 ஜூலை 9 அன்று இந்தக் கடற்கரையில் இறங்கியபோது பர்த்தலோமேயு சீகன்பால்குவுக்கு வயது ஏறத்தாழ 24. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்காரர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரு லூத்தரன் மிஷனரிகளில் ஒருவர். மற்றவர் ஹென்ரிக் புளூட்சோ. ஊர் அப்போது டேனியருடையதுதான் என்றாலும், கோட்டை அதிகாரிகள் இவர்களை மனமுவந்து வரவேற்கவில்லை.

தமிழ் படிக்க, சீகன்பால்கு திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். சிறுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார்.

பின்னர் அமைந்த அன்றாட ஒழுங்கு:

காலை: ஜெபம், ஞானோபதேசம்.
7–8: முன்பு படித்த சொற்களைத் திருப்பிப் பார்த்தல்.
8–12: சுவடி வாசிப்பு. முதிய புலவர் பொருள் சொல்ல, எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார்.
பிற்பகல் 3–5: மறுபடியும் சுவடி.
மாலை: ஜெபம்.

1707இல் இங்கு முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட மோதலால் 1708 இறுதியில் சீகன்பால்கு சிறைப்பட்டார். நான்கு மாதம் டேன்ஸ்பர்க் கோட்டையில் அடைபட்டிருந்தார். வேதத்தை அவரவர் தாய்மொழியில் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. வெளியே வந்து வேலையைத் தொடர்ந்து, 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்தார். 1715க்குள் அது தரங்கம்பாடி அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது.

இந்த ஆலயம் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் அவர் காலமானார். அவரது கல்லறை ஆலயத்தின் உள்ளே உள்ளது.