சிறைக்கூடத்தில் செவ்வியல் நாடகம்: மைசூரு நிகழ்வும் தெருக்கூத்து மரபும்

செவ்வியல் நாடகங்களைச் சிறைவாசிகளுக்குப் பயிற்றுவித்து, அவர்களைக் கொண்டே நிகழ்த்தும் முயற்சிகள் பெரும்பாலும் சீர்திருத்த நோக்கிலேயே மதிப்பிடப்படுகின்றன. நாடகவியல் எழுப்பும் வினா வேறு. குற்றம் புரிந்த ஒருவர் மேடையில் அத்தகைய குற்றத்தையே புரியும் பாத்திரத்தை ஏற்கும்போது, நடிகருக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான எல்லை எவ்வாறு காக்கப்படுகிறது என்பதே அது.

மைசூரு ரங்காயணத்தின் நடிகர் ஹுலுகப்பா கட்டிமனி, கர்நாடகச் சிறைகளில் நாடகப் பயிற்சி அளித்தவர். மைசூரு மத்தியச் சிறைவாசிகளைக் கொண்டு அவர் நிகழ்த்தியவற்றுள் எச். எஸ். சிவப்பிரகாஷின் 'மாரநாயகன திருஷ்டாந்த' குறிப்பிடத்தக்கது. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' கன்னட மண்ணுக்குரியதாக உருமாறிய நாடகம் இது. கொலையும் கொலைக்குப் பின் உறக்கம் இழத்தலும் மூலத்தின் மையம். இதனை ஆயுள் தண்டனை பெற்றோர் நடிப்பது எளிய தெரிவன்று. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நிகழ்ந்தபோது, நெல்சன் மண்டேலா கொடுங்கோலன் கிரியோனாக நடித்தார். அங்கே நடிகர்க்கும் வேடத்துக்கும் இடையிலான தொலைவு இயல்பாகவே அமைந்தது. மைசூரில் அத்தொலைவைப் பயிற்சியே உருவாக்க வேண்டியிருந்தது.

இந்நிகழ்வு தமிழாய்வுக்கு அயலானதன்று. ஓசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி முதலிய எல்லையூர்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்குகின்றன. பாரதக்கதை மூன்று மொழியினர்க்கும் பொது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் திரௌபதி அம்மன் விழாக்களையொட்டிப் பாரதக்கூத்து நிகழ்கிறது. மேற்சுட்டிய வினாவுக்குக் கூத்து மரபு நெடுங்காலமாகவே ஒரு விடையை வைத்திருக்கிறது. துகிலுரிதல் கூத்தில் துச்சாதனன் வேடமேற்றவர், பாஞ்சாலியின் சேலையைப் பற்றுமுன் கற்பூரம் ஏற்றி வணங்கி மன்னிப்பு வேண்டும் வழக்கம் உண்டு. அக்கணத்தில் வேடம் கலைவதில்லை. எனினும் வேடத்துக்குள் இருக்கும் மனிதர் தம்மை வெளிப்படுத்திக்கொள்கிறார். கொடுமையைச் செய்துகாட்டுதலும் அதற்காக நாணுதலும் ஒரே உடலில் நிகழ்கின்றன. மேலை நாடகத்தில் இதற்கு நிகரான சடங்கு எளிதில் காணக்கிடைப்பதில்லை.

பயிற்றுமுறையும் கருதத்தக்கது. கூத்து வாத்தியார் பாட்டையும் அடவையும் வாய்வழியே சொல்லித்தருகிறார். ஆதலால் எழுத்தறிவு குறைந்தவரும் முதன்மை வேடம் ஏற்க இயலும். ஆடவரே பெண்வேடம் புனைவதால் ஆண்கள் சிறையில் பாஞ்சாலியோ கர்ணமோட்சத்துப் பொன்னுருவியோ இல்லை என்னும் இடர்ப்பாடும் எழாது.

இடர்கள் வேறிடத்தில் உள்ளன. விடிய விடிய நிகழும் கூத்து, மாலையில் அறை பூட்டும் சிறையொழுங்குக்குள் அடங்காது. சுருக்கியே ஆக வேண்டும். சுருக்குவோர் முதலில் வெட்ட முனைவது கட்டியக்காரன் பகுதியையும் இத்தகைய சடங்குகளையுமே. கதை விரைவாக நகரும். ஆனால் சிறைமேடைக்குக் கூத்தைத் தகுதியாக்கும் கூறு அதனோடு போய்விடும். கோயிலும் அம்மன் திருமுன்னும் இல்லாத முற்றத்தில் அம்மன்னிப்பு எவரை நோக்கி வேண்டப்படும் என்பதையும் ஆசிரியர் பயிற்சிக்கு முன்பே சிறைவாசிகளோடு கலந்து முடிவு செய்தாக வேண்டும்.