டேரியர் நோயின்மேல் படரும் ஹெர்பிஸ் தொற்று

தோலின் பிணைப்பு தளர்தல்

தோலின் மேலடுக்கான புறத்தோலில் உயிரணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்பதற்கு, அவற்றினுள் கால்சியம் உரிய அளவில் பேணப்படுவது இன்றியமையாதது. அக்கால்சியத்தை உயிரணுவின் உட்சேமிப்புக்குள் செலுத்தும் புரதத்திற்குரிய ஏடிபி2ஏ2 மரபணுவில் பிழை இருப்பின், பிணைப்புகள் தளர்ந்து, மார்பு, முதுகு, நெற்றி, காதின் பின்புறம் போன்ற எண்ணெய்ப்பசை மிகுந்த இடங்களில் சொரசொரப்பான பழுப்புநிறப் பருக்கள் எழுகின்றன. 1889-இல் பாரிசில் ழான் டேரியரும் பாஸ்டனில் ஜேம்ஸ் வைட்டும் தனித்தனியே விவரித்த இந்நோய் டேரியர் நோய் எனப்படுகிறது. நகங்களில் நீளவாக்கில் ஓடும் சிவப்பு, வெள்ளைக் கோடுகளும் நுனியில் 'வி' வடிவப் பிளவும் இதன் அடையாளங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனால் இது தொற்றுநோய் அன்று, நோயாளியைத் தொடத் தயங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

வைரஸ் பரவுதல்

உதட்டோரம் கொப்புளங்களை உண்டாக்கும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், நலமான தோலில் ஓரிடத்தோடு அடங்கி ஆறிவிடுகிறது. பிணைப்பு தளர்ந்த தோலிலோ அது தடையின்றி ஊடுருவிச் சில நாட்களில் விரிந்து பரவக்கூடும். 1887-இல் வியன்னாவின் மோரிட்ஸ் கபோசி விவரித்ததால் கபோசியின் அம்மைபோன்ற கொப்புளநோய் எனப்படும் இந்நிலை, ஹெய்லி-ஹெய்லி நோய், பிறவி மீன்செதில் தோல்நோய் ஆகியவற்றிலும், எல்லாவற்றையும்விட மிகுதியாக ஒவ்வாமைக் கரப்பானிலும் காணப்படுகிறது.

அடையாளம் காணுதல்

டேரியர் நோய் வெயிலிலும் வியர்வையிலும் இயல்பாகவே முற்றுவதால், புதிய கொப்புளங்களையும் பழைய நோயின் சீற்றமென்றே நோயாளி எண்ணிவிடுகிறார். ஆபத்து இங்குதான் தொடங்குகிறது. பழைய நோயில் அரிப்பே மேலோங்கும். ஹெர்பிஸ் படர்ந்தால் வலி மேலோங்கும், காய்ச்சல் வரும், நெறி கட்டும். ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டங்கூட்டமாக எழுந்து, உடைந்து, துளைக்கருவியால் குத்தியெடுத்தாற்போன்ற வட்டப் புண்களாகி, இரத்தப் பொருக்குக் கட்டும். சின்னம்மையில் புதியதும் காய்ந்ததுமாகப் பல நிலைக் கொப்புளங்கள் கலந்திருக்கும். ஆயினும், அம்மை என்று வேப்பிலை வைத்துக் காத்திருப்பதும், அக்கி என்று காவி பூசுவதும் விலைமதிப்பற்ற நாட்களைப் பறித்துவிடுகின்றன.

மருத்துவம்

கொப்புளத்தின் அடியைச் சுரண்டி நுண்ணோக்கியில் நோக்கினால் பல கருக்கள் கொண்ட பெரிய உயிரணுக்கள் தென்படும். பிசிஆர் பரிசோதனை வைரஸை உறுதிசெய்யும். ஆனால் முடிவு வரும்வரை காத்திராமல், ஐயம் எழுந்த அன்றே அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்குவதே முறை. வைரஸின் நொதியே இம்மருந்தைச் செயல்படத் தூண்டுவதால், தொற்றடைந்த உயிரணுக்களிலேயே அது பெரிதும் வேலை செய்கிறது. காய்ச்சல் கடுமையாக இருப்போருக்கும் குழந்தைகளுக்கும் இதைச் சிரைவழியே செலுத்த நேரிடும். பாக்டீரியா சேர்ந்து சீழ் வைத்தால் அதற்குரிய மருந்தும் வேண்டும். கண்ணருகே கொப்புளம் தோன்றினால் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை குன்றக்கூடும் என்பதால், கண் மருத்துவரை அன்றே காண வேண்டும். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு இந்நிலையில் தொற்றை வளர்த்துவிடக்கூடும். இத்தகைய தோல்நோய் உள்ளவர் வாழும் வீட்டில் எவருக்கேனும் உதட்டில் கொப்புளம் இருந்தால், பொருக்கு உதிரும்வரை முத்தமிடுவதையும் துண்டு, குவளை ஆகியவற்றைப் பகிர்வதையும் தவிர்க்க வேண்டும்.