பழைய நூலின் முதற்பதிப்பை அறிவது எப்படி?

இருப்புச் சரிபார்ப்பின்போது எங்கள் பள்ளி நூலக அலமாரியின் அடித்தட்டில் அட்டையும் தலைப்புப் பக்கமும் இல்லாத சிலப்பதிகாரம் ஒன்று கிடைத்தது. உ.வே.சாமிநாதையர் பதிப்பு. முகவுரையைப் பார்த்ததுமே, "1892இல் வந்த முதற்பதிப்பு!" என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். சில தாள்களைப் புரட்டியதும் 'இரண்டாம் பதிப்பின் முகவுரை' இருந்தது. மறுபதிப்புகளில் பழைய முகவுரையையும் சேர்த்தே அச்சிடுவது வழக்கம். அதனால் முகவுரையின் காலத்தை நூல் அச்சான காலமாகக் கொள்ளக்கூடாது.

பழைய நூல்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருப்பதுண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவரும். 1892ஐப் போல 1952உம் நந்தன ஆண்டுதான். எது என்று அறிய விலையைப் பாருங்கள். ரூபாய், அணா, பைசா என்றிருந்தால் நூல் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' என்று நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. அச்சக முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972க்குப் பிற்பட்டது.

எழுத்து வடிவமும் சாட்சி சொல்லும். லை, னை, ணை ஆகியவை துதிக்கை போன்ற பழைய வடிவில் இருந்தால், எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்ற 1978க்கு முந்தியது என ஊகிக்கலாம். ஆனால் பெரியார் 1935 முதலே புதிய வடிவத்தைத் தம் இதழில் கையாண்டார். அவரது இயக்க வெளியீடுகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து அச்சிட்ட நூல்களிலும் பழைய எழுத்தே இருக்கும். அங்கே தாளும் புதிய பதிப்பு விவரமும்தான் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு குழப்பம், 'முதற்பதிப்பு' என்ற சொல்லே. நாட்டுடைமையான நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. ஒவ்வொன்றும் தன் முதல் வெளியீட்டை 'முதற்பதிப்பு' என்றே குறிக்கும். 'முதற்பதிப்பு 2009' என்று பாரதியார் கவிதைத் தொகுப்பில் இருந்தால், அந்தப் பதிப்பகத்துக்கு அது முதல், அவ்வளவே.

முதற்பதிப்பு என்பதாலேயே அதன் பாடம் சிறந்தது என்று எண்ணவேண்டாம். உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். 1907இல் திருத்தி மீண்டும் வெளியிட்டார். வகுப்பில் நடத்தப் பிந்திய பதிப்பே உதவும். முதற்பதிப்பு காட்டுவது வேறு: அன்றைய வாசகர் கையில் என்ன இருந்தது, பதிப்பாசிரியர் பிறகு எதை மாற்றினார் என்பது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மேல்நிலை மாணவர்களுக்கு அருமையான பாடம் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகத்தில் பழைய பதிப்புகள் பலவற்றின் பக்கங்களைப் பார்க்கலாம். ஐயம் வந்தால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

என் கவலை பெரிய நூல்களைப் பற்றியது அன்று. அவை தஞ்சை சரசுவதி மகாலிலோ சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலோ கிடைத்துவிடக்கூடும். நான் சிலப்பதிகாரத்தை வைத்து மகிழ்ந்துகொண்டிருந்த அதே நாளில், எட்டணா விலையிட்ட மெலிந்த நாடக நூல் ஒன்று கழிவுப் பட்டியலில் ஏறியிருந்தது. உள்ளூர் அச்சகத்தில் அச்சானது. மறுபதிப்பு வந்ததற்கான தடயம் எதுவும் அதில் இல்லை. பட்டியலிலிருந்து அதன் பெயரை அடித்துவிட்டு, உறையிட்டு வைத்திருக்கிறேன். பைண்டிங்குக்குக் கொடுக்கவில்லை. ஓரத்தை வெட்டி, பழைய மேலட்டையை எறிந்துவிட்டால் விலையும் அச்சகப் பெயரும் அதோடு போய்விடும்.