கடற்காட்டின் காவலன்

காடு என்றதும் மரமும் மலையும் நம் நினைவுக்கு வருகின்றன. கடலுக்குள்ளும் காடு உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிக் சர் என்றொரு கரடுமுரடான கடற்கரை உள்ளது. செங்குத்தான மலைகள் நேரே பசிபிக் பெருங்கடலில் இறங்கும் இடம் அது. அங்கே கடலடிப் பாறைகளைப் பற்றிக்கொண்டு கெல்ப் என்னும் பெரும் பாசி வளர்கிறது. ஏற்ற பருவத்தில் ஒரே நாளில் 2 அடி வரை வளரக்கூடியது அது. அதன் நிழலில் மீன்களும் நண்டுகளும் நத்தைகளும் குடியிருக்கின்றன.

இக்காட்டுக்கு ஒரு பகைவன் உண்டு. உடலெங்கும் முள் கொண்ட, உருண்டையான கடல் முள்ளெலியே அது. பெருகிவிட்டால் பாசியை அடியோடு தின்று தீர்த்துவிடும். அதைத் தின்று காட்டைக் காக்கும் காவலன்தான் கடல் நீர்நாய். நம் காவிரியில் வாழும் நீர்நாய்க்கு இது உறவு.

திமிங்கிலத்துக்கு இருப்பது போன்ற கொழுப்புப் படலம் இதற்குக் கிடையாது. குளிரைத் தாங்க உதவுவது இதன் அடர்ந்த உரோமமே. ஒரு சதுர அங்குலத்தில் 10 லட்சம் மயிர்கள் வரை இருக்குமாம்! உடற்சூடு குறையாதிருக்க, நாள்தோறும் தன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு உணவை இது உண்கிறது. மல்லாந்து மிதந்தபடி, மார்பின்மேல் வைத்த கல்லில் சிப்பியை மோதி உடைக்கும். உறங்கும்போது அலை இழுத்துச் செல்லாதபடி பாசிக்கொடியை உடலில் சுற்றிக்கொள்ளும்.

அந்த அழகிய உரோமமே இதற்கு எமனாயிற்று. செல்வர்களின் மேலங்கிகளுக்காக நீர்நாய்கள் கொன்று குவிக்கப்பட்டன. 1911ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா, ஜப்பான் ஆகிய நாடுகள் ஒப்பந்தம் செய்து இவ்வேட்டையைத் தடுத்தன. அதற்குள் கலிபோர்னியாவில் இவ்வினமே அற்றுப்போனதாகப் பலரும் எண்ணினர். ஆனால் பிக் சர் பாறைகளின் மறைவில் சுமார் 50 நீர்நாய்கள் பிழைத்திருந்தன! 1938இல் இச்செய்தி உலகுக்குத் தெரிந்தது. இன்று அவற்றின் வழிவந்தவை ஏறக்குறைய 3,000 உள்ளன. 1992 முதல் இக்கடற்பகுதி மான்டரே விரிகுடா தேசியக் கடல் சரணாலயமாகக் காக்கப்படுகிறது.

காவலன் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2013இல் தொடங்கிய ஒரு நோயால், முள்ளெலிகளைத் தின்னும் நட்சத்திர மீன்கள் மடிந்தன. கடல்நீரும் வழக்கத்தைவிட வெப்பமாயிற்று. நீர்நாய்கள் இல்லாத வட கலிபோர்னியாவில் முள்ளெலிகள் பெருகி, பாசிக்காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. மான்டரேயிலும் இழப்பு நேர்ந்தது. ஆயினும் நீர்நாய்கள் இரை தேடிய இடங்களில் ஆங்காங்கே காடு நிலைத்து நின்றது.

தோழியரே! ஓர் உயிரினத்தை அழிப்பது எளிது. ஐம்பது மூவாயிரமாவதற்கோ ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. இன்னும் அவை தம் பழைய இடங்களுக்கெல்லாம் திரும்பவில்லை. உரோமத்துக்கு மட்டுமே விலை பேசிய மனிதன், ஒரு காட்டின் காவலனையே விற்றுவிட்டான் அன்றோ! எந்த உயிரையும் பயனற்றதென்று தள்ளுமுன், அது எதைக் காத்து நிற்கிறது என்று நாம் கேட்டறிவோமாக.