மொய் நோட்டும் பிள்ளையின் நோட்டும்

வீட்டுக்குள் ஒரு கணக்கு – 9

சென்ற வாரம் உண்டியல் பற்றிப் பேசினோம். சேர்த்து வைக்க உண்டியல் போதும். செலவழிக்கப் பழக ஒரு நோட்டு வேண்டும். அந்த நோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க, ஆடி மாதத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் போய் வரலாம்.

அங்கே ஆடி என்றால் மொய் விருந்து. கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற விருந்து. பல குடும்பங்கள் கூட்டாகப் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, கறிச்சோறு போடும். பந்தலில் மொய் வாங்க மேசை போட்டிருக்கும். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார். பக்கத்தில் இருப்பவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் ஏற்றுவார். பழைய மொய்யைத் திருப்பிச் செய்கிறவர் கொஞ்சம் கூட்டியே வைப்பார். அந்தக் கூடுதல் ‘புது நடை’. அவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் அதைச் செய்தாக வேண்டும். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. இந்தப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு இறங்கியிருக்கிறது, வீடு எழும்பியிருக்கிறது, பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் போயிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்த பிறகு மொய் நடை தளர்ந்தது. அப்போதும் யாருக்கு யார் எவ்வளவு செய்ய வேண்டும் என்பது நோட்டில் இருந்தது.

அந்த மேசைப் பக்கம் நிற்கிற பிள்ளைக்கு மூன்று விஷயம் கண்ணில் படும். வந்த பணமெல்லாம் நம் பணம் ஆகிவிடாது. எழுதாத தொகை சண்டையில் முடியும். இனி வரப்போகும் செலவும் இன்றைய கணக்கில் சேர்த்தி. பாக்கெட் மணிக்கும் இந்த மூன்றும்தான் பாடம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வந்தது, போனது, கையிருப்பு என்று மூன்று பத்தி போடுங்கள். பின்பக்கத்தில் ‘வரப்போவது’ என்று தலைப்பு. வாரம் 50 ரூபாய் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்குனியில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழா. ராட்டினம், பஞ்சு மிட்டாய், தங்கச்சிக்கு வளையல் எல்லாம் சேர்த்து 160 ரூபாய் ஆகும் என்று பிள்ளையே கணக்குப் போடட்டும். திருவிழாவுக்கு எட்டு வாரம் இருந்தால் வாரத்துக்கு 20 ரூபாய் ஒதுக்க வேண்டும். மிச்சம் 30. பேனாவுக்குப் பத்து போனால், கடலை மிட்டாய்க்கும் ஐஸுக்கும் இருபது. இதைப் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொடுத்தது புதன்கிழமையே தீர்ந்துவிடலாம். திட்ட வேண்டாம், புதிதாகக் கொடுக்கவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்கு அவசரமாக ஏதாவது தேவைப்பட்டால் அது வீட்டுச் செலவு, நீங்கள்தான் தர வேண்டும். தின்பண்டத்துக்கு முன்பணம் கேட்டால் கொடுக்கலாம். ஆனால் நோட்டில் ஏற்றிவிட்டு, அடுத்த ஞாயிறு அதைக் கழித்துக்கொண்டு கொடுங்கள்.

இனி பெரியவர்கள் பக்கம் வருவோம். ஊரிலிருந்து மாமா வருகிறார். புறப்படும்போது பையன் சட்டைப் பையில் 200 ரூபாய் வைக்கிறார். வண்டி தெருமுனை திரும்பியதும் அம்மா கை நீட்டுவார்: “குடுடா, தொலைச்சிடுவே. நான் வச்சிருக்கேன்.” ஒரு மாதம் கழித்து அவன், “மாமா குடுத்த காசு எங்கம்மா?” என்று கேட்டால், “ஒனக்குச் சோறு போடுறது யாரு?” என்று பதில் வரும். அம்மாவையும் குறை சொல்ல முடியாது. மாமா வீட்டுப் பிள்ளைக்கு நாளை அவர்தான் திருப்பிச் செய்ய வேண்டும். அதுவும் ஒரு மொய்தான். அதைப் பிள்ளையிடம் விளக்கிச் சொல்லலாமே. ‘மாமா கொடுத்தது 200. அவர் வீட்டுக்குச் செய்ய 100. அம்மாவிடம் இருப்பு 100’ என்று எழுதி, அம்மா கையெழுத்துப் போடட்டும். ஊராரிடம் ஒரு ரூபாய் பிசகாமல் மொய்க்கணக்கு வைக்கிற நாம், சொந்தப் பிள்ளையிடம் கணக்கில்லாமல் வாங்கிக்கொள்வது நியாயமில்லை. தன் காசுக்கு வீட்டில் பதில் கிடைக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் மற்றவர் காசுக்கும் பதில் சொல்லும்.

எழுத்தும் கணக்கும் இந்த மண்ணின் பெண்களுக்குக் கைவந்தவை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டையில் எழுந்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். அன்று அரிச்சுவடி பிடித்தவர்களில் பலர் இன்று பாட்டிகள். பேரப்பிள்ளையின் நோட்டைச் சரிபார்க்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்? ஞாயிறு மாலை பத்து நிமிடம் அவர்களிடம் விடுங்கள்.

கையிருப்பு 500 ரூபாயைத் தொட்டதும் அஞ்சலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே பணம் போடலாம், எடுக்கலாம். படிவத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். பிள்ளையே நிரப்பட்டும்; தப்பாகிவிட்டால் இன்னொரு படிவம் வாங்கிக்கொள்ளலாம்.

(அடுத்த வாரம்: புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு 320 சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். சில்லறையை மதிக்கப் பிள்ளையைப் பழக்குவது எப்படி?)